ஈஆர்பி கான்ஃபிக்கைக் கையால் ஏற்றுவதை நிறுத்துவது எப்படி? டெவ்விலிருந்து புரொடக்‌ஷன் வரை

#1 கேள்விக்கொத்து

வணக்கம். எங்கள் ஈஆர்பிக்கு (நிதி, கொள்முதல், விற்பனையை நடத்தும் மென்பொருள்) உருவாக்க டெவ், சோதிக்க டெஸ்ட், நிஜ வேலை நடக்கும் புரொடக்‌ஷன் என மூன்று சூழல்கள். நிதிக்கும் கொள்முதலுக்கும் எஸ்ஏபி, துணை நிறுவனம் ஒன்றில் ஆரக்கிள் இபிஎஸ், விற்பனைப் பக்கம் சேல்ஸ்ஃபோர்ஸ். எஸ்ஏபியில் டிரான்ஸ்போர்ட் (மாற்றங்களை ரெக்வெஸ்ட் என்ற கட்டாகச் சேர்த்து ஒரு சூழலிலிருந்து அடுத்ததற்குக் கொண்டுபோகும் வசதி) இருப்பதால் ஓரளவு ஓடுகிறது. மற்ற இரண்டிலும் ஸ்கிரீன்ஷாட் ஒட்டிய வேர்டு ஆவணத்தைப் பார்த்து ஒவ்வொரு திரையாகக் கையால்தான் நிரப்புகிறார்கள். இதைத் தானியங்கியாக மாற்ற வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது? கருவி வாங்குவதா, ஸ்கிரிப்ட் எழுதுவதா? ஏற்றி முடித்த பிறகு இரண்டு சூழலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன என்பதை எதை வைத்துச் சொல்வது?

#2 மூலக்கூறு

கருவிப் பேச்சை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முதலில் பிரிப்பு வேலை. "கான்ஃபிக்" என்று எல்லாரும் ஒரே சொல்லில் சொல்வதற்குள் நான்கு வகைச் சரக்கு கலந்து கிடக்கிறது.

ஒன்று, அசல் கான்ஃபிக்: கம்பெனி கோட், லெட்ஜர், வரிக் குறியீடு, கட்டண நிபந்தனை, ஒப்புதல் விதி. மூன்று சூழலிலும் ஒன்றாகவே இருக்க வேண்டியவை இவைதான். இரண்டாவது மாஸ்டர் டேட்டா: சப்ளையர், பொருள், வாடிக்கையாளர். இது புரொடக்‌ஷனில் தினமும் மாறும், அங்கே பிறப்பது. கான்ஃபிக்கைச் சூழல் விட்டுச் சூழல் கொண்டுபோகும் தானியங்கிக் குழாயில் இதை விடவே கூடாது. மூன்றாவது, சூழலுக்குச் சூழல் மாறும் மதிப்புகள்: இன்டர்ஃபேஸ் முகவரி, மின்னஞ்சல், பிரின்டர், கடவுச்சொல், கோப்புப் பாதை. நான்காவதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள், ஓடும் நிலை: எண் வரிசை இப்போது எந்த எண்ணில் நிற்கிறது, எந்தக் கணக்குக் காலம் திறந்திருக்கிறது, எந்த ஜாப் (நேரம் வைத்துத் தானாக ஓடும் வேலை) எப்போது ஓடும்.

ஒவ்வொரு திரைக்கும் இரண்டு கேள்வி போதும். இந்த மதிப்பு மூன்று இடத்திலும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டுமா? கோ-லைவுக்குப் பிறகு, அதாவது நிஜப் பயன்பாடு தொடங்கிய பிறகு, இதை மாற்றும் உரிமை யாருக்கு? இரண்டாவதற்கு "நிதிப் பிரிவு, மாதாமாதம்" என்று பதில் வந்தால் அது உங்கள் குழாயில் வரக்கூடாது. வந்தால், அவர்கள் மாற்றியதை அடுத்த ரிலீஸ் சத்தமில்லாமல் பழையபடி ஆக்கிவிடும். பிறகு குற்றம் தானியங்கி முறையின் மேல் விழும்.

#3 வரிசைமாறி

பிரித்த பிறகு அடுத்த வேலை கீ. ஒவ்வொரு ஆப்ஜெக்டையும் எந்தப் புலத்தை வைத்து அடையாளம் காணப் போகிறோம் என்று எழுதி வையுங்கள். டேட்டாபேஸ் தானாகக் கொடுக்கும் ஐடியை ஒருபோதும் நம்பாதீர்கள். டெவ்வில் 10452 என்று இருக்கும் கட்டண நிபந்தனை டெஸ்டில் 20087 ஆக இருக்கும். ஏற்றும் கோப்பில் ஐடி எங்காவது ஒட்டிக்கொண்டு வந்தால், அது இலக்கில் வேறு ஏதோ ஒரு ரெக்கார்டைச் சுட்டும். பிழைச் செய்தியே வராது. அதுதான் ஆபத்து.

சேல்ஸ்ஃபோர்ஸில் ரெக்கார்டு டைப் ஐடியை ஃபார்முலாவிலோ ஃப்ளோவிலோ (தானியங்கி வேலைப்போக்கு) நேரடியாக எழுதியிருந்தால் இதே கதைதான். டெவலப்பர் நேமை (சூழல் மாறினாலும் மாறாத உள்பெயர்) வைத்துத் தேடி எடுக்க வேண்டும். ஆப்ஜெக்ட் டேட்டாவுக்கு நாமே மதிப்பு தரும் எக்ஸ்டர்னல் ஐடி புலம் வைத்து அப்சர்ட் (இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் சேர்) செய்யுங்கள். ஆரக்கிள் கிளவுடின் எச்சிஎம் டேட்டா லோடர் (ஊழியர் விவரம் ஏற்றும் கருவி) இதற்கென்றே மூல அமைப்பின் ஐடி, அதன் உரிமையாளர் என்று இரண்டு புலங்களைத் தருகிறது. ஓடூ ஈஆர்பியில் எக்ஸ்டர்னல் ஐடி. பெயர்தான் வேறு வேறு.

கீ பற்றி இன்னொன்று. பெயரையே கீயாக வைத்தால் இடைவெளி, பெரிய எழுத்துச் சிறிய எழுத்து வேறுபாடு எல்லாம் தொல்லை தரும். தமிழில் பெயர் வைத்திருந்தால் கூடுதல் தொல்லை: "கொ" என்பதன் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஒப்பிடும் முன் எல்லாச் சரங்களையும் என்எஃப்சி என்ற ஒரே யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

#4 கேள்விக்கொத்து

நன்றி, இருவருக்கும். டேபிளில் நேரடியாக எஸ்கியூஎல் இன்சர்ட் (வரி சேர்க்கும் டேட்டாபேஸ் கட்டளை) போட்டால் வேகமாக முடியுமே என்று எங்கள் குழுவில் ஒருவர் சொல்கிறார். ஏற்றும் வரிசையை எப்படித் தீர்மானிப்பது என்பதும் புரியவில்லை.

#5 வரிசைமாறி

நேரடி இன்சர்ட் வேண்டாம். திரையில் "சேவ்" அழுத்தும்போது அப்ளிகேஷன் ஒரு டேபிளில் மட்டும் எழுதுவதில்லை. மொழிபெயர்ப்பு டேபிள், தணிக்கை டேபிள், கேஷ் (வேகத்துக்காக நினைவில் வைத்த நகல்), சில நேரம் தானாகப் பிறக்கும் துணை ரெக்கார்டுகள் எல்லாம் சேர்ந்து நடக்கும். இபிஎஸ்ஸில் அடிப்படை டேபிளில் மட்டும் வரியைப் போட்டு மொழி டேபிளை விட்டால், அந்த வரி டேட்டாபேஸில் இருக்கும், திரையில் தெரியாது. போதாக்குறைக்கு, தயாரிப்பாளரின் ஆதரவும் அத்தோடு போச்சு.

வரிசைக்கு: ஒவ்வொரு ஆப்ஜெக்டும் எதைச் சார்ந்திருக்கிறது என்று இரண்டு பத்தியில் எழுதுங்கள். அதை டோபாலஜிகல் சார்ட் (சார்ந்திருப்பவை பின்னால் வரும்படி அடுக்குவது) செய்தால் வரிசை தானாக வரும். நிதிப் பக்கம் ஏறத்தாழ இப்படி அமையும்: கரன்சி, காலண்டர், கணக்குத் தலைப்புகளின் அமைப்பு, லெட்ஜர் அல்லது கம்பெனி, வணிகப் பிரிவு, வரி, வங்கி, கட்டண நிபந்தனை, சப்ளையர் குழு, கடைசியில் ஒப்புதல் விதிகள். ஒப்புதல் விதி கடைசியில் வரக் காரணம், அது மேலே உள்ள எல்லாவற்றையும் தொடும்.

சுழற்சி கட்டாயம் வரும். துறைக்குத் தலைவர் வேண்டும், தலைவர் ஒரு ஊழியர், ஊழியருக்குத் துறை வேண்டும். இதை இரண்டு சுற்றில்தான் ஏற்ற முடியும்: முதல் சுற்றில் தலைவர் புலத்தைக் காலியாக விட்டுத் துறை, பிறகு ஊழியர், இரண்டாம் சுற்றில் துறையின் தலைவர் புலம் மட்டும். அந்தப் புலம் கட்டாயப் புலமாக இருந்தால் தற்காலிக ரெக்கார்டு ஒன்றைக் காட்டிவிட்டுப் பிறகு மாற்ற வேண்டும். அந்தத் தற்காலிக ரெக்கார்டு எங்கும் மிஞ்சவில்லை என்பதை ஸ்கிரிப்டே சோதிக்கட்டும்.

மைக்ரோசாஃப்ட்டின் டைனமிக்ஸ் 365 ஈஆர்பி வைத்திருப்பவர்கள் டேட்டா மேனேஜ்மென்ட் டெம்பிளேட்டில் எக்ஸிக்யூஷன் யூனிட், லெவல், சீக்வென்ஸ் என்ற மூன்று எண்களைக் கவனியுங்கள். வேறு வேறு யூனிட்டுகள் ஒரே நேரத்தில் ஓடும். ஒரு யூனிட்டுக்குள் லெவல்கள் வரிசையாக ஓடும். ஒன்றையொன்று சார்ந்த இரண்டு என்டிட்டிகளை (ஏற்றும் டேட்டா வகைகளை) வேறு வேறு யூனிட்டில் வைத்தால் ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது.

#6 இரவுக்காவல்

எஸ்ஏபியில டிரான்ஸ்போர்ட் இருக்கு, அதனால கவலை இல்லைங்கற மாதிரி எழுதியிருக்கீங்க. அங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. சிலதை மட்டும் சொல்றேன்.

எஸ்சிசி4 திரையில டெவ் கிளையன்டுக்கு (எஸ்ஏபிக்குள்ள தனி டேட்டா கொண்ட பகுதி) "மாற்றங்களைத் தானாகப் பதிவு செய்" இருக்கணும், புரொடக்‌ஷனுக்கு "மாற்றம் அனுமதி இல்லை". இது எல்லாருக்கும் தெரியும். ஆனா கஸ்டமைசிங் (அதாவது கான்ஃபிக்) ரெக்வெஸ்ட்ல இருக்கறது டேபிள் கீ மட்டும்தான். மதிப்பு எடுக்கப்படறது ரெக்வெஸ்டை ரிலீஸ் பண்ற (மூடி வெளியே அனுப்பற) நேரத்துல. ப்ரோக்ராம் மாதிரி கஸ்டமைசிங் வரிக்கு லாக்கும் கிடையாது. அதனால ஒரே வரியை ரெண்டு பேர் ரெண்டு ரெக்வெஸ்ட்ல தொட்டா, நீங்க ரிலீஸ் பண்ணும்போது அடுத்தவரோட அரைகுறை மாற்றமும் உங்க ரெக்வெஸ்ட்லயே ஏறிப் போயிடும்.

அடுத்தது முந்திப் போற பிரச்சனை. பழைய ரெக்வெஸ்டை டெஸ்ட்ல நிறுத்தி வெச்சு, புதுசை முதல்ல புரொடக்‌ஷனுக்கு அனுப்பி, அப்புறம் பழசை அனுப்பினா, பழைய மதிப்பு புதுசை அழிச்சிடும். ஒரே கீ இன்னொரு ரெக்வெஸ்ட்ல இருக்கான்னு, ரெக்வெஸ்ட் கீகளை வெச்சிருக்கற இ071கே டேபிள்ல தேடி, மோதல் இருந்தா இம்போர்ட்டை நிறுத்தற சோதனை ஒண்ணு கட்டாயம் வேணும். தானியங்கியாக்கறதுக்கு இதைவிட நல்ல முதல் வேலை கிடையாது.

இம்போர்ட் முடிஞ்சதும் வர்ற ரிட்டர்ன் கோடு: 0 சரி, 4 எச்சரிக்கை, 8 சில ஆப்ஜெக்ட் போகல, 12 இம்போர்ட்டே முறிஞ்சுது. கவனிக்க வேண்டியது என்னன்னா, இம்போர்ட்டை ஓட்டற டிபி ப்ரோக்ராமோட ஸ்டாப்-ஆன்-எரர் (எந்தக் கோடுலேருந்து நிக்கணும்ங்கற அமைப்பு) இயல்பு மதிப்பு 9. அதாவது 8 வந்தாலும் வரிசையில அடுத்த ரெக்வெஸ்ட் போயிட்டே இருக்கும். உங்க ஸ்கிரிப்ட் 8-லயே நிக்கணும், 4 வந்தா லாகை ஒருத்தர் படிச்சாகணும்.

எண் வரிசை: இது தானா ரெக்வெஸ்ட்ல பதிவாகாது, எஃப்பிஎன்1 மாதிரி திரையில மெனு வழியா தனியா டிரான்ஸ்போர்ட் போடலாம். போட்டா என்ன ஆகும்? இலக்குல அந்த ஆப்ஜெக்டுக்கு இருக்கற எண் இடைவெளிகள் (இந்த எண்லேருந்து இந்த எண் வரைங்கற வரம்புகள்) அழிஞ்சு, மூலத்துல இருக்கறது மட்டும் வரும். கூடவே, டெவ்ல அப்போ நின்ன எண்ணும் வரும். ஓடிட்டிருக்கற புரொடக்‌ஷன்ல இதைப் பண்ணினா, ஏற்கனவே பயன்படுத்தின எண்ணை மறுபடி கொடுக்கப் பார்த்து டாக்குமென்ட் போஸ்டிங் (கணக்குல பதியறது) எல்லாம் நின்னு போகும்.

ஓபி52 திரை மாதிரி கணக்குக் காலம் திறக்கற வேலை "கரன்ட் செட்டிங்ஸ்" வகை. கிளையன்ட் ரோல் "புரொடக்‌ஷன்"னு இருந்தா மாற்றம் பூட்டியிருந்தாலும் அங்கேயே மாத்தலாம். இதை டிரான்ஸ்போர்ட்ல அனுப்பறவங்களைப் பார்த்தா தடுத்து நிறுத்துங்க.

#7 மூலக்கூறு

இரவுக்காவல் சொன்னதோடு ஒன்று: டிரான்ஸ்போர்ட் நீக்கத்தையும் கொண்டுபோகும். ரெக்வெஸ்டில் கீ இருந்து, ரிலீஸ் நேரத்தில் டெவ்வில் அந்த வரி இல்லாவிட்டால், இலக்கிலும் அந்த வரி அழியும். இது நல்ல குணம்தான். ஆனால் கீயில் கிளையன்டுக்குப் பிறகு நட்சத்திரக் குறி மட்டும் இருந்தால் முழு டேபிளும் மாற்றப்படும், புரொடக்‌ஷனில் மட்டும் இருந்த வரிகள் போய்விடும். நட்சத்திரக் கீ உள்ள ரெக்வெஸ்டை இயல்பாகவே நிராகரியுங்கள்.

சிஎஸ்வி கோப்பு, ஏபிஐ (ப்ரோக்ராம் வழி இணைப்பு) வழிகள் இதற்கு நேர் எதிர். அவை சேர்க்கும், திருத்தும். நாம் தனியாகச் சொல்லாமல் எதையும் நீக்காது. டெவ்வில் தூக்கிய ஒப்புதல் விதி புரொடக்‌ஷனில் ஓடிக்கொண்டே இருக்கும். சேல்ஸ்ஃபோர்ஸில் நீக்கத்துக்கு டெஸ்ட்ரக்டிவ் சேஞ்சஸ் என்று தனி எக்ஸ்எம்எல் கோப்பு. மற்ற இடங்களில் நீக்கப் பட்டியலை நீங்களே தனிக் கோப்பாக வைத்து, நீக்குவதற்குப் பதில் "செயலில் இல்லை" என்று குறிப்பதோ முடிவுத் தேதி போடுவதோ நல்லது. பழைய பரிவர்த்தனைகள் அந்த ரெக்கார்டைச் சுட்டிக்கொண்டிருக்கும்.

#8 தொகுப்பாளி

ஆரக்கிள் இபிஎஸ் பக்கம் நான் எழுதுகிறேன்.

லுக்கப் (தேர்வுப் பட்டியல்), வேல்யூ செட் (அனுமதித்த மதிப்புகள்), ஃப்ளெக்ஸ்ஃபீல்டு (நாமே அமைக்கும் புலங்கள்), ப்ரொஃபைல் (அமைப்பு மதிப்பு), மெனு, ரெஸ்பான்சிபிலிட்டி (பயனர் அனுமதி), கன்கரன்ட் ப்ரோக்ராம் (பின்னணியில் ஓடுவது), ஃபார்ம் பர்சனலைசேஷன் இவற்றுக்கெல்லாம் எஃப்என்டிலோட் என்ற ஆரக்கிள் கருவி. ஒவ்வொரு வகைக்கும் தனி எல்சிடி கட்டுப்பாட்டுக் கோப்பு; டவுன்லோடு செய்தால் எல்டிடி என்ற உரைக்கோப்பு வரும், அதை இலக்கில் அப்லோடு செய்ய வேண்டும். உரைக்கோப்பு என்பதால் அப்படியே கிட்டில் (மாற்ற வரலாறு வைக்கும் கருவி) போடலாம். லெட்ஜர், வரி, பேயபிள்ஸ் விருப்பங்கள் போன்ற பயன்பாட்டு செட்டப்புகளை இது தொடாது. அவற்றில் ஒரு பகுதிக்கு ஐசெட்டப் கருவி உதவும், மீதிக்குப் பப்ளிக் ஏபிஐ.

"அப்லோடு வெற்றி என்று லாக் சொல்கிறது, ஆனால் எதுவும் மாறவில்லை" என்பது அடிக்கடி வரும் புகார். காரணம், எஃப்என்டிலோட் உரிமையாளரையும் கடைசி மாற்றத் தேதியையும் ஒப்பிடுகிறது. கோப்பில் உள்ள வரி ஆரக்கிளின் சீட் டேட்டாவாகவும் (மென்பொருளோடு வருவது) இலக்கில் உள்ள வரி பயனர் மாற்றியதாகவும் இருந்தால் தாண்டிப் போகும். இரண்டும் ஒரே வகை என்றால் கோப்பின் தேதி புதிதாக இருந்தால்தான் எழுதும். டெஸ்டில் யாரோ கையால் தொட்டிருந்தால் அந்தத் தேதிதான் புதிது, உங்கள் கோப்பு தோற்கும். கஸ்டம் மோடை ஃபோர்ஸ் என்று கொடுத்தால் இந்த ஒப்பீட்டை மீறி எழுதும். ஆனால் எல்லாவற்றுக்கும் ஃபோர்ஸ் போடாதீர்கள். டவுன்லோடில் நீங்கள் கேட்டது மட்டும் வருவதில்லை, சார்ந்தவையும் கூடவே வரும். ஒரு ப்ரோக்ராமைக் கேட்டால் அதன் வேல்யூ செட்டுகளும் எல்டிடியில் இருக்கும். ஃபோர்ஸ் அவற்றையும் சேர்த்து மாற்றும்.

இன்னும் சில. கன்கரன்ட் ப்ரோக்ராமின் வரையறைதான் வரும், அது அழைக்கும் பிஎல்எஸ்கியூஎல் பேக்கேஜோ ரிப்போர்ட் கோப்போ வராது. அவற்றைத் தனியாக வைக்க வேண்டும். மொழிபெயர்ப்புகளுக்கு ஒவ்வொரு மொழிக்கும் என்எல்எஸ் லாங் என்ற மொழி மாறியை அமைத்து, அப்லோடு மோடை என்எல்எஸ் என்று கொடுத்துத் தனிச் சுற்று. ஃப்ளெக்ஸ்ஃபீல்டு ஏற்றினால் அது ஃப்ரீஸ் ஆகி கம்பைல் ஆன நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆப்ஸ் (இபிஎஸ்ஸின் முதன்மை டேட்டாபேஸ் கணக்கு) கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் எழுதினால் ப்ராசஸ் பட்டியலில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ஆகவே ஸ்கிரிப்டை ஓட்டும் சர்வரில் யாருக்கெல்லாம் நுழைவு என்பதையும் கவனியுங்கள்.

#9 கணக்கன்

எல்லாரும் சிஎஸ்வி என்கிறீர்கள். யாராவது இடையில் எக்செல்லில் திறந்து சேவ் செய்யாமல் இருக்கும்வரைதான் அது சிஎஸ்வி. 0010 என்ற குறியீடு 10 ஆகும். 16 இலக்க வங்கிக் கணக்கின் கடைசி இலக்கம் பூஜ்யம் ஆகும், ஏனெனில் எக்செல் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். 3-4 என்ற செலவு மையக் குறியீடு தேதியாகும். யூடிஎஃப்-8 கோப்பின் தொடக்கத்தில் பாம் (குறியாக்கத்தைச் சொல்லும் மூன்று பைட்) இல்லாவிட்டால் தமிழ் குப்பையாகத் தெரியும். பாம் இருந்தால் சில லோடர்கள் முதல் பத்தியின் தலைப்பையே "இல்லை" என்று சொல்லும், கண்ணுக்குத் தெரியாத அந்த மூன்று பைட் தலைப்போடு ஒட்டிக்கொள்வதால். கோப்பை ஏற்றும் முன் பத்தி வாரியாக நீளம், வடிவம் சரிபார்க்கும் சிறு ஸ்கிரிப்ட் வையுங்கள். கம்பெனி கோட் நான்கு எழுத்து என்றால் நான்கு எழுத்துதான்.

அப்புறம், கிட், யாம்ல் (இடைவெளியால் அமைப்பைக் காட்டும் உரைக்கோப்பு) என்று பேசுவதற்கு முன் ஒரு வார்த்தை. கான்ஃபிக் செய்வது ஃபங்ஷனல் ஆட்கள், அதாவது ப்ரோக்ராமர்கள் அல்ல, வணிக வேலை தெரிந்தவர்கள். அவர்கள் திரையில்தான் யோசிப்பார்கள். "கோல்டன்" சூழல் ஒன்றைத் தனியாக வைத்து, அதில் பரிவர்த்தனையே போடாமல், கான்ஃபிக்கை மட்டும் சுத்தமாக வைத்து, அங்கிருந்து எல்லா இடத்துக்கும் ஏற்றுமதி செய்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். திரையில் போடும்போதே அப்ளிகேஷனின் சரிபார்ப்பும் நடந்துவிடும்.

#10 தொகுப்பாளி

கோல்டன் சூழல் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அதை ஆதாரமாக வைப்பதுதான் பிரச்சனை. நேற்று எந்த மதிப்பு இருந்தது, யார் மாற்றினார்கள், எந்தக் கோரிக்கைக்காக என்று கோல்டன் சூழல் பதில் சொல்லாது. அரைகுறையாக நிற்கும் வேலையும் முடிந்த வேலையும் அதில் ஒன்றாகக் கிடக்கும். அங்கிருந்து ஏற்றுமதி செய்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

#11 கணக்கன்

ஒப்புக்கொள்கிறேன். அதற்காக லெட்ஜர் செட்டப்பை ஃபங்ஷனல் ஆள் யாம்லில் எழுதுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். இடைவெளி ஒன்று தவறினால் கோப்பே விழும்.

#12 மூலக்கூறு

இரண்டையும் சேர்க்கலாம். மாற்றுவது கோல்டன் சூழலின் திரையில். ஒவ்வொரு இரவும் ஸ்கிரிப்ட் அதை வெளியே எடுத்து, ஆப்ஜெக்டுக்கு ஒரு கோப்பு, ரெக்கார்டுக்கு ஒரு வரி, கீ வரிசைப்படி அடுக்கி கிட்டில் ஒரு கிளையில் (தனியாக வளரும் நகல்) போடும். காலையில் வேறுபாட்டைப் பார்த்து, எந்த வரி எந்தக் கோரிக்கைக்குரியது என்று ஃபங்ஷனல் ஆள் உறுதி செய்வார். உறுதியான வரிகள் மட்டும் மெயின் கிளைக்குப் போகும். டெஸ்டுக்கும் புரொடக்‌ஷனுக்கும் ஏறுவது மெயினிலிருந்து மட்டுமே, கோல்டனிலிருந்து நேரடியாக ஒருபோதும் இல்லை. யாரும் யாம்ல் எழுத வேண்டியதில்லை.

ஜிப் பேக்கேஜை அப்படியே கிட்டில் போடாதீர்கள். வேறுபாடு பார்க்க முடியாது. டைனமிக்ஸ் பேக்கேஜ் என்றால் விரித்துப் போட்டு, ஏற்றும்போது மேனிஃபெஸ்டோடும் பேக்கேஜ் ஹெடரோடும் (பேக்கேஜை விவரிக்கும் கோப்புகள்) மறுபடி கட்டிக்கொள்ளலாம்.

#13 கேள்விக்கொத்து

இது தெளிவாக இருக்கிறது. ஏபிஐயோ ஏற்றுமதியோ இல்லாத திரைகளை என்ன செய்வது? திரையைத் தானாகக் கிளிக் செய்யும் ரோபோ வைக்கலாமா?

#14 இரவுக்காவல்

வைக்கலாம், கடைசி வழியா. ஆரக்கிள் கிளவுட்ல காலாண்டுக்கு ஒருமுறை அப்டேட், சேல்ஸ்ஃபோர்ஸ்ல வருஷத்துக்கு மூணு ரிலீஸ். ஒவ்வொண்ணுலயும் திரை நகர வாய்ப்பு இருக்கு. ரோபோவுக்கு மூணு விதி: புலத்தை அதோட லேபிளால தேடணும், திரையில இருக்கற இடத்தால தேடக்கூடாது. எழுதறதுக்கு முன்னாடி இப்ப இருக்கற மதிப்பைப் படிச்சு, ஏற்கனவே சரியா இருந்தா தொடாம விடணும். சேவ் பண்ணின பிறகு திரையை மூடித் திறந்து மறுபடி படிச்சுப் பார்க்கணும். "சேவ் ஆனது"ங்கற செய்தியை நம்பக் கூடாது.

வருஷத்துக்கு ஒரு தடவை மாறுற திரைக்கு ரோபோ எழுதறது வீண். அதைக் கையாலயே போடுங்க, ஆனா சரிபார்ப்பை மட்டும் தானியங்கியா வைங்க.

#15 வரிசைமாறி

சேல்ஸ்ஃபோர்ஸ் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. வேகமாக:

கஸ்டம் மெட்டாடேட்டா டைப்பின் (நாமே வரையறுக்கும் அமைப்பு அட்டவணை) ரெக்கார்டுகள் டிப்ளாய்மென்டோடு (அடுத்த சூழலில் ஏற்றுவதோடு) போகும். கஸ்டம் செட்டிங்கின் மதிப்புகள் போகாது, வரையறை மட்டும் போகும். மதிப்புகளைத் தனியாக டேட்டாவாக ஏற்ற வேண்டும். புதிதாக வைப்பதென்றால் முதல் வகையிலேயே வையுங்கள். இங்கே ப்ரொஃபைல் என்பது பயனர் அனுமதித் தொகுப்பு; அதை எடுக்கும்போது அதே பேக்கேஜ் எக்ஸ்எம்எல்லில் (எதையெல்லாம் எடுப்பது என்ற பட்டியல்) உள்ள பொருட்களுக்கான அனுமதிகள் மட்டும்தான் கோப்பில் வரும். தனியாக எடுத்துத் தனியாக ஒப்பிட்டால் பாதி அனுமதி காணாமல் போனது போலத் தெரியும். அனுமதிகளைப் பர்மிஷன் செட்டுக்கு மாற்றினால் இந்தத் தலைவலி குறையும். ஃப்ளோக்கள் புரொடக்‌ஷனில் இயல்பாகச் செயலற்ற நிலையில்தான் இறங்கும், அதற்கான அமைப்பை மாற்றாதவரை. ஒரு மெட்டாடேட்டா டிப்ளாய்மென்டின் வரம்பு 10,000 கோப்புகள், சுருக்கிய ஜிப் 39 எம்பி. ஏபெக்ஸ் (சேல்ஸ்ஃபோர்ஸின் நிரல் மொழி) கோடும் கூடப் போனால் 75 சதவீத டெஸ்ட் கவரேஜ் (சோதனைகள் ஓட்டிப் பார்த்த கோடின் அளவு) தேவை என்பதால், முந்தைய நாளே "சரிபார்ப்பு மட்டும்" முறையில் ஓட்டிவிடுங்கள்.

#16 மூலக்கூறு

முதல் பதிவில் கேட்ட மூன்றாவது கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. சரிபார்ப்பு.

ஏற்றியதை இலக்கிலிருந்து மறுபடி படித்து எடுங்கள். ஏற்றிய கோப்பையும் எடுத்த கோப்பையும் ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்: ஐடி, உருவாக்கியவர், மாற்றிய தேதி பத்திகளை நீக்குவது, கீப்படி அடுக்குவது, தேதிகளை ஒரே வடிவுக்கும் ஒரே நேர மண்டலத்துக்கும் மாற்றுவது, 5, 5.0, 5.00 மூன்றையும் ஒன்றாக்குவது. வெற்று மதிப்புதான் கடினம். செக்பாக்ஸைத் தொடவே இல்லை என்றால் சில டேபிளில் வெற்று, தொட்டு எடுத்தால் "இல்லை". திரையில் இரண்டும் ஒன்று, சில ப்ரோக்ராம்களுக்கு இரண்டும் வேறு. எந்தெந்தப் புலத்தில் இரண்டும் சமம் என்று பட்டியலிட்டு வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சமமாக்க வேண்டாம்.

ஒப்பீடு மூன்று முனையாக இருக்கட்டும்: கடந்த முறை ஏற்றியது, இப்போது ஏற்ற விரும்புவது, இலக்கில் இருப்பது. முதலாவதும் மூன்றாவதும் வேறுபட்டால் இடையில் யாரோ கையால் மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அங்கே தானாக மேலெழுதாமல் நிறுத்திக் கேளுங்கள். அந்தக் கை மாற்றம் நள்ளிரவில் போட்ட அவசரத் திருத்தமாக இருக்கலாம். எஸ்ஏபியில் இரண்டு அமைப்புகளை ஒப்பிட எஸ்சியு0 என்ற திரை இருக்கிறது, இடையில் ஆர்எஃப்சி (எஸ்ஏபி அமைப்புகள் ஒன்றையொன்று அழைக்கும்) இணைப்பு மட்டும் தேவை.

மதிப்பு ஒப்பீடு பாதிதான். நடத்தையையும் சோதிக்க வேண்டும், குறிப்பாகத் தடுக்க வேண்டியதைத் தடுக்கிறதா என்று. விலை வேறுபாட்டு வரம்பு 5 சதவீதம் என்றால், 100-க்கு ஆர்டர் போட்டு 104-க்கும் 106-க்கும் இரண்டு இன்வாய்ஸ். முதலாவது போக வேண்டும், இரண்டாவது தடுக்கப்பட வேண்டும். ஒப்புதல் வரம்புக்கும் இப்படியே, எல்லைக்கு இரண்டு பக்கமும். எல்லா மதிப்பும் சரியாக இருந்தும் சோதனை தோற்றால், பெரும்பாலும் கேஷ் புதுப்பிக்கப்படவில்லை, அல்லது விதி செயலுக்கு வரும் தேதி நாளைக்கு இருக்கிறது.

#17 இரவுக்காவல்

சூழலுக்கேத்த மதிப்புகள் பத்தியும் சொல்லிடறேன். மெயின் கிளையில அந்த இடத்துல பெயர்க்குறி (ஏத்தும்போது மதிப்பால நிரப்பற இடக்குறி) மட்டும் இருக்கணும், மதிப்பு சூழல் வாரியா தனிக் கோப்புல. கடவுச்சொல் கோப்புலயே வரக்கூடாது, ரகசியப் பெட்டகத்துலேருந்து ஓடற நேரத்துல எடுக்கணும். பெயர்க்குறி ஒண்ணு நிரப்பாம மிஞ்சினாக்கூட ஏத்தறதே நிக்கணும். இயல்பு மதிப்புன்னு எதையும் வைக்காதீங்க. இயல்பா டெவ் முகவரி வெச்சா, புரொடக்‌ஷன் பேமென்ட் கோப்பு டெவ் சர்வருக்குப் போகும்.

எதிர்த்திசையிலயும் பாருங்க. புரொடக்‌ஷனை காப்பி பண்ணி டெஸ்ட்டைப் புதுப்பிச்சா, நிஜ சப்ளையரோட மின்னஞ்சலும் நிஜ வங்கி இன்டர்ஃபேஸும் கூடவே வரும். டெஸ்ட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி ஓடற ஸ்கிரிப்ட்ல இவை இருக்கணும்: ஜாப் எல்லாத்தையும் நிறுத்தி வை, மெயிலரை ஒரே ஒரு சோதனை முகவரிக்குத் திருப்பு, இன்டர்ஃபேஸ் முகவரிகளை மாத்து, எஸ்ஏபின்னா பிடிஎல்எஸ் ப்ரோக்ராம் ஓட்டி லாஜிக்கல் சிஸ்டம் பெயரை (மத்த அமைப்புகள் இதை அடையாளம் காணற பெயர்) மாத்து. புதுசா ஏத்தற ஜாபும் செயலற்ற நிலையில ஏறி, சரிபார்ப்பு முடிஞ்சப்புறம்தான் உயிர் பெறணும்.

#18 கேள்விக்கொத்து

புரொடக்‌ஷனில் ஏற்றிய பிறகு தப்பு தெரிந்தால் ரோல்பேக் (பழைய நிலைக்குத் திருப்புவது) முடியுமா?

#19 தொகுப்பாளி

உண்மையான ரோல்பேக் கிடையாது. எஸ்ஏபி டிரான்ஸ்போர்ட்டிலும் இல்லை, முன்னோக்கித் திருத்துவதுதான். செய்யக்கூடியது இதுதான்: ஏற்றுவதற்குச் சற்று முன் தொடப்போகும் ரெக்கார்டுகளை மட்டும் இலக்கிலிருந்து எடுத்து, அதையே எதிர்ப் பேக்கேஜாகத் தயாராக வைப்பது. ஏற்றும் ஸ்கிரிப்ட்டே இதைச் செய்யட்டும். எடுக்க முடியாவிட்டால் ஏற்றவும் கூடாது.

ஆனால் அந்தக் கான்ஃபிக்கை வைத்து ஒரு பரிவர்த்தனை போஸ்ட் ஆகிவிட்டால் எதிர்ப் பேக்கேஜ் பாதி உதவிதான். வரி விகிதத்தைத் தவறாக ஏற்றி 40 இன்வாய்ஸ் போன பிறகு விகிதத்தைத் திருத்தினால் அந்த 40-உம் தானாகத் திருந்தாது. ஆகவே விகிதம் மாறினால் பழைய குறியீட்டைத் தொடாமல் புதுக் குறியீடு, அல்லது புதுத் தொடக்கத் தேதி. லெட்ஜரின் அடிப்படைக் கரன்சி, கணக்குத் தலைப்பு அமைப்பு, காலண்டர் இவையெல்லாம் பரிவர்த்தனை வந்த பிறகு பூட்டப்படும் வகை. இவற்றைத் தொடும் மாற்றத்துக்கு டேட்டாபேஸ் பேக்கப்தான் எதிர்ப் பேக்கேஜ். இவற்றைச் சாதாரணக் குழாயில் விடாமல் இரண்டு பேர் ஒப்புதலோடு தனியாக ஓட்டுங்கள்.

#20 கேள்விக்கொத்து

சரி, இப்படித் தொடங்கப் போகிறேன். தவறு இருந்தால் சொல்லுங்கள்.

முதலில் எதையும் ஏற்றாமல், மூன்று சூழலிலிருந்தும் லுக்கப், ப்ரொஃபைல், கட்டண நிபந்தனை, வரிக் குறியீடு, எண் வரிசை ஆகிய ஐந்தையும் எடுத்துத் தினமும் ஒப்பிட்டு அறிக்கை. அடுத்து இபிஎஸ்ஸில் எஃப்என்டிலோட் வழியாக லுக்கப் மட்டும் டெஸ்டுக்கு. அதே ரிலீஸில் எஸ்ஏபி டிரான்ஸ்போர்ட்டுக்குக் கீ மோதல் சோதனை. சேல்ஸ்ஃபோர்ஸ் அதன் பிறகு. புரொடக்‌ஷனுக்கு ஏற்றும் உரிமை கான்ஃபிக் செய்தவரிடம் இருக்காது, தனி ஆள். கருவி வாங்குவதா என்ற முடிவை அறிக்கை வந்த பிறகு பார்க்கலாம்.

#21 கணக்கன்

வரிசை நன்று. அறிக்கையை முதலில் ஓட்டுவதால், எத்தனை வேறுபாடு ஏற்கனவே இருக்கிறது என்பது தெரியும். அவற்றில் எது வேண்டுமென்றே வைத்தது, எது மறந்தது என்று ஃபங்ஷனல் ஆட்களிடம் குறித்து வாங்காமல் எதையும் ஏற்றாதீர்கள். ப்ரொஃபைலில் சைட் நிலை (எல்லாருக்கும் பொதுவான மதிப்பு) மட்டும் எடுங்கள், பயனர் நிலை மதிப்புகள் அறிக்கையை நிரப்பிவிடும்.

#22 இரவுக்காவல்

எண் வரிசையில இடைவெளியோட தொடக்கம், முடிவு, வெளியிலிருந்து எண் கொடுக்கறதா இல்லையாங்கறது இந்த மூணை மட்டும் ஒப்பிடுங்க. நின்னுட்டிருக்கற எண்ணை ஒப்பீட்டுல சேர்த்தா தினமும் சிவப்புதான் வரும், ஒரு வாரத்துல யாரும் அறிக்கையைத் திறக்க மாட்டாங்க. அந்த எண்ணுக்கு வேற சோதனை வைங்க: புரொடக்‌ஷன்ல இடைவெளி 90 சதவீதம் தீர்ந்தா மெயில்.